பதினேழாம் தாளில் தெரிந்த நிறம்

டாகுமென்ட் கன்ட்ரோல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கோப்புக்கு எப்படி எண் கொடுப்பது, எந்த முத்திரையை எந்த மூலையில் குத்துவது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அந்தக் கையேட்டில் இல்லாத ஒரு காலை வேளையைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே படியுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூரில் ஒரு குழாய்ப் பணி ஒப்பந்த நிறுவனத்தில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் பழைய குழாயை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்துவது எங்கள் நிறுவனத்தின் தொழில். ஆலைக்காரர்கள் வரைபடம் அனுப்புவார்கள். சில நாள் கழித்து அதையே திருத்தி மறுபடியும் அனுப்புவார்கள். பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, சரியான தாள் சரியான ஆளின் கைக்குப் போகும்படி செய்வதுதான் எங்கள் மேஜையின் பொறுப்பு. மாற்றிய இடத்தை அவர்களே வளையம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. எல்லாரும் எப்போதும் வளையம் போட்டுவிடுவார்கள் என்று நம்பினால் நம் மேஜை எதற்கு?

அந்த வித்தியாசத்தைப் பார்ப்பவர் தேவராஜ் அண்ணன். செக்கர். புளியந்தோப்பிலிருந்து வருவார். இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பின்னாலிருந்து வரும் வெயிலில் பார்ப்பார். ஒரு போல்ட் இடம் மாறியிருந்தாலும் விரல் அங்கே போய் நிற்கும். "கண்ணா இல்ல கேமராவா?" என்று சைட் ஆட்கள் கேட்பார்கள். அவருக்கு அது பிடிக்கும்.

தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது பெரிய தாளும் இல்லை, ஜன்னலும் இல்லை. எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாக வந்தன. அப்போதுதான் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் எனக்குப் போனில் ஒரு சின்ன நிரலைப் பற்றிச் சொன்னாள். இலவசமாகக் கிடைப்பது. பட்டனோ படமோ எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர் இரண்டையும் எழுதி என்டரைத் தட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அது வாயே திறக்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். வித்தியாசம் இருந்தால், கேட்டுக்கொண்டபடி ஒரு சாளரத்தைத் திறந்து இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டும். பழையதில் மட்டும் இருப்பது சிவப்பு. புதியதில் மட்டும் இருப்பது நீலம். இரண்டிலும் இருப்பது கறுப்பு. தேவராஜ் அண்ணன் ஜன்னலில் செய்ததையேதான் அதுவும் செய்தது.

எனக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. தட்ட வேண்டிய வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். முதல் முறை அந்த நிறங்கள் வந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் சந்தோஷம்.

அலுவலகம் மறுபடி திறந்த பிறகு ஒரு நாள் ஒரு கட்டு வரைபடத்தை அந்த நிரலில் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பும் நீலமும். ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு எழுத்தும். ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று பயந்து, அந்தக் கட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சைட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். இருபது பேர் கொதிக்கும் வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதியம் தேவராஜ் அண்ணன் இரண்டு தாளையும் அச்செடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மேல் தாளைக் கட்டைவிரலால் ஒரு முடியளவு தள்ளினார். எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்கார்ந்தது.

"ஒண்ணும் மாறல ஸ்டெல்லா. பக்கம் கொஞ்சூண்டு நகுந்துகீது. அவ்ளோதான்."

அந்த நிரலின் சாளரத்திலும் அப்படித் தள்ளிப் பார்க்க வழி இருந்தது. விசைப்பலகையில் சில விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலாளர் கத்தவில்லை, "இனி செக்கர் கேட்டா மட்டும் அதப் போடுங்க" என்றார். சைட்டில் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தது என் காதுக்கும் வந்தது. நான் திரை ஓரத்துக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ரோஷம். அந்த ரோஷத்துக்காகப் பல மாதம் அந்த நிரலைத் தொடவில்லை. இதுதான் நான் சொன்ன தவறு. தப்பாகச் சத்தம் போட்டது தவறில்லை. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டதுதான் தவறு.

அடுத்த வருடம் மணலிப் பக்கத்து ஆலை ஒன்றில் பெரிய பராமரிப்பு வேலை வந்தது. ஆலையில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டுப் பழைய குழாய்களை வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் குழாய்களில் ஓடியது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். அதனால் வெட்டும் இடத்துக்கு முன்னால், ஃபிளாஞ்சு எனப்படும் இரண்டு குழாய் விளிம்புகளுக்கு நடுவே ஒரு கனமான இரும்புத் தகட்டைச் செருகி அடைப்பார்கள். அதைச் சைட்டில் பிளைண்டு என்பார்கள். பிளைண்டுக்கு அந்தப் பக்கம் திரவம் நிற்கும். இந்தப் பக்கம் கழுவிக் காலி செய்த குழாய். இந்தப் பக்கத்தில்தான் நம் ஆள் கேஸ் டார்ச்சின் நெருப்பை வைத்து வெட்டுவான்.

பிளைண்டு எங்கே என்று காட்டும் வரைபடம் ஆலையுடையது. அதை வைத்து, எங்கே வெட்ட வேண்டும் என்று குறித்த தாள் எங்களுடையது. வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு ஆலையிலிருந்து வரைபடத்தின் திருத்திய கட்டு வந்தது. நாற்பது தாள். கூடவே வந்த கடிதம், குழாய்களின் பெயர் எழுதும் முறை மட்டும் மாறியிருக்கிறது என்றது. வளையம் எங்கும் இல்லை. தேவராஜ் அண்ணன் பார்த்துவிட்டு, வேறு மாற்றம் இல்லை என்று கையெழுத்திட்டார். எங்கள் வெட்டுத் தாள் பழையபடியே சைட்டுக்குப் போனது.

வேலை நடந்துகொண்டிருந்த நாள் காலை பத்து மணி இருக்கும். பழைய கட்டையும் புதிய கட்டையும் கணினியில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஏனென்று தெரியாது, கறுப்புத் திரையைத் திறந்தேன். காகிதம் இல்லாமலேயே கைக்கு அந்த வரி நினைவிருந்தது. தட்டினேன்.

நாற்பது தாளிலும் வித்தியாசம் காட்டியது. காட்டத்தான் செய்யும், ஒவ்வொரு தாளின் மூலையிலும் திருத்த எண் மாறியிருக்கிறது, குழாய்ப் பெயரும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். மூலையில் நிறம், பெயரில் நிறம். அடுத்தது. மூலை, பெயர். அடுத்தது. பதினேழாம் தாளில் மூலையிலும் பெயரிலும் நிறம் இருந்தது. நடுவில், ஒரு அரிசி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி அதே அளவில் ஒரு நீலக் கோடு.

பெரிதாக்கிப் பார்த்தேன். பிளைண்டு. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குப் போயிருந்தது. அதே பதினேழாம் எண்ணுள்ள எங்கள் வெட்டுத் தாளைப் பக்கத்தில் திறந்தேன். வெட்டும் இடம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஆலைக்காரர்கள் புதிய வரைபடப்படி பிளைண்டைச் செருகியிருந்தால், எங்கள் ஆள் வெட்டப்போவது காலிக் குழாயை அல்ல.

 முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? போன தடவை மாதிரி ஆகிவிட்டால்? அதுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

"தேவாண்ணா, கொஞ்சம் வாங்களேன்."

வந்தார். திரையைக் காட்டினேன். "இந்தச் செவப்பு... இது பிளைண்டுதானே?"

குனிந்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"எங்க கீது?"

விரலை வைத்துக் காட்டினேன். திரையில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தேன், அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தியது.

"எங்கம்மா?" என்றார் மறுபடியும். குரல் இறங்கிவிட்டது.

அவருக்கு அது தெரியவில்லை. கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாகவே அப்படித்தான் பார்க்கிறார் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. தேதியை என்னைப் படிக்கச் சொன்னது, தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, எல்லாம் சேர்ந்து உறைத்தது.

அதைப் பேச அப்போது நேரம் இல்லை. "பிளைண்டு அடுத்த ஃபிளாஞ்சுக்குப் போயிருக்குண்ணா. நம்ம வெட்டு நடுவுல மாட்டுது" என்று வாயால் சொன்னேன்.

ஒரே மூச்சில் சொன்னார்: "நிறுத்து. போன போடு. நிறுத்து."

சைட் சூப்பர்வைசர் முனுசாமிக்குப் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"முனுசாமி, பதினேழாம் நம்பர்ல வெட்ட ஆரம்பிச்சாச்சா?"

"குமாரு டார்ச்ச கைல எடுத்துகினு நிக்கிறான்க்கா. பர்மிட்டு வந்துட்ச்சி. காத்து டெஸ்ட்டும் பாத்தாச்சி, சுத்தமா கீது. இன்னா மேட்டரு?"

காற்றைச் சோதித்தது குழாய்க்கு வெளியே. உள்ளே நிற்பதை அந்தக் கருவி எப்படிச் சொல்லும்?

"வேணாம். நிறுத்துங்க. பிளைண்டு எடம் மாறியிருக்கலாம்."

"இருக்கலாமா? அக்கா, போன தபா இதே மாறி சொல்லி எல்லாரையும் வெயில்ல குந்த வெச்ச. கம்ப்யூட்டர்ல கலரு தெரிஞ்சிச்சின்னு நான் எஞ்சினியராண்ட போய் சொன்னா என்ன தொரத்தி அடிப்பாரு."

அவர் சொன்னது நியாயம். அவரிடம் பிளைண்டைப் பற்றி வாதாட எனக்கு என்ன தகுதி? நான் குழாய் தெரிந்தவள் இல்லை, எஞ்சினியரும் இல்லை.  பிறகு ஒன்று தோன்றியது. குழாய் என் பொறுப்பு இல்லை, தாள் என் பொறுப்பு.

"முனுசாமி, நான் பிளைண்டப் பத்திப் பேசல. உங்க கைல இருக்கற பதினேழாம் தாள நான் வாபஸ் வாங்கறேன். இந்த நிமிஷத்துலேர்ந்து அது செல்லாது. உங்ககிட்ட டிராயிங் இல்ல. டிராயிங் இல்லாம பர்மிட்டும் செல்லாது. இத மெயில்லயும் இப்பவே போடறேன். எஞ்சினியர் கேட்டா ஸ்டெல்லா வாபஸ் வாங்கிட்டான்னு சொல்லுங்க."

மெயிலைத் தட்டி அனுப்பினேன்.

"டேய் குமாரு," என்று முனுசாமி கத்தியது கேட்டது. "கீய எறங்கு. அந்தத் தாள குடு."

தொலைபேசியை வைத்தேன். தேவராஜ் அண்ணன் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் காத்திருந்தோம். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

முனுசாமிதான் கூப்பிட்டார். வழக்கமான சத்தம் இல்லை. "அக்கா... ஆலைக்காரங்க வந்து அடியில கீற சின்ன வால்வ தொறந்து பாத்தாங்க. ஊத்துது. நாத்தம் கொடல புடுங்குது. பிளைண்டு அந்தாண்ட கீது." பிறகு சொன்னார்: "குமாரு ஒரு மூலைல குந்திகினு கீறான். அவனுக்குத் தண்ணி குடுத்திருக்கேன்."

அன்று மாலை தேவராஜ் அண்ணன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சக்கரை," என்றார். "ரெண்டு கண்லயும் நடுவுல ஒரு கறுப்பு. எட்டணா சைசுக்கு. சுத்தி எல்லாம் தெரியுது. உன்னிய பாத்தா உன் காது தெரியுது, தோடு தெரியுது. மூக்கு தெர்ல."

"எத்தினி நாளாண்ணா?"

"ஒரு வருசம் மேல ஆவுது. அன்னிக்கு உன் கட்ட ஜன்னல்ல வெச்சி தள்ளுனேன் பாரு, அப்பவே பாதி ஞாபகத்துலதான் பாத்தேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா இன்னா சொல்லுவான்னு தெரியும். செக்கர்னா கண்ணுதானே ஸ்டெல்லா. அது பூட்ச்சின்னா அப்பால நான் யாரு?"

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

மறுநாள் விசாரணைப் படிவம் என் மேஜைக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் "ஆலையார் மாற்றத்தை வளையமிட்டுக் காட்டவில்லை" என்று எழுதினேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தேவராஜ் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா எய்தினே? படி."

படித்தேன்.

"மிச்சத்தையும் எய்து. என் கண்ணுன்னு எய்து. நாளைக்கு வேற ஒருத்தன் டார்ச்ச எடுத்துகினு நிப்பான்ல."

எழுதினேன். அவருக்கு வாசித்தும் காட்டினேன். அதற்குக் கீழே என்னையும் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி கையில் இருந்தும் பல மாதங்களாக நான் அதைப் பயன்படுத்தவில்லை, செக்கரிடம் கேட்டுப் போட்டிருக்கலாம், கேலிக்குப் பயந்து கேட்கவில்லை. மேலாளர் படித்து முடித்தார். "ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இனி தேவராஜ் அண்ணன் கையெழுத்துப் போடக் கூடாது, முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கட்டையும் நான் நிரலில் போட வேண்டும் என்று மூன்று விஷயம் சொன்னார். "தப்பா சத்தம் போட்டாலும் பரவால்ல, போடுங்க" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்றார்கள். திரும்பி வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்தார். என் மேஜைப் பக்கம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சில வாரம் அப்படியே போனது.

பிறகு ஒரு நாள் நிரல் ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. மிகச் சின்னது. எனக்கு அர்த்தம் புரியவில்லை. அவர் மூலைக்குப் போனேன்.

"அண்ணா, வால்வு படத்துல ரெண்டு முக்கோணம் இருக்குமில்ல. பழசுல உள்ள வெள்ளை. புதுசுல கறுப்பா ரொப்பியிருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். "எந்த லைனு? எங்கேர்ந்து எங்க போவுது? சொல்லு."

சொன்னேன்.

"கறுப்புன்னா அந்த வால்வு எப்பவும் மூடி கீணும்னு அர்த்தம். முன்ன தொறந்து கெடந்துது. அத மூடுனா மேல காத்து போறதுக்கு வழி இல்ல. ஆலைக்காரன கேளு, தெரிஞ்சுதான் செஞ்சியான்னு."

கேட்டோம். தெரிந்து செய்யவில்லை.

அன்றிலிருந்து அவர் நாற்காலி என் பக்கத்துக்கு வந்தது. நிறம் எங்கே என்று நிரல் காட்டும். என்ன மாறியிருக்கிறது என்று நான் வார்த்தையில் சொல்லுவேன். அது மாறினால் சைட்டில் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லுவார். கண்ணால் பார்த்ததை இன்னொருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஓய்வு பெறும் வரை அவர் அப்படித்தான் வேலை செய்தார். எங்கள் மேஜையிலிருந்து போன எந்தத் தாளுக்கும் அதன்பின் யாரும் வெயிலில் உட்காரவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு தடவை தப்பாகச் சத்தம் போட்டோம். திட்டு வாங்கினோம். போட்டுக்கொண்டேதான் இருந்தோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பராமரிப்பு வேலையெல்லாம் முடிந்து, மழை தொடங்கியிருந்த சமயம், ஒரு ஆள் நனைந்துகொண்டே எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டான்.

"ஸ்டெல்லாக்கா யாரு? நான் குமாரு. டார்ச்சு புடிச்சவன்."

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. "அந்தத் தாள ஒரு தபா பாக்கணும்க்கா. நான் எங்க நின்னுகினு இருந்தேன்னு பாக்கணும்."

செல்லாத தாள்களின் பெட்டியிலிருந்து பதினேழாம் தாளை எடுத்து விரித்தேன். அவனுக்கு அந்தக் கோடுகளில் ஒன்றும் பிடிபடவில்லை. தேவராஜ் அண்ணன் எழுந்து வந்தார். இடது ஓரத்தில் விரலை வைத்து, தாளைப் பார்க்காமலேயே, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். சரியான இடம்.

"இங்க நின்னே," என்றார். விரலை எடுக்கவில்லை. "உன்ன இங்க நிக்க வெச்சது என் கையெய்த்துதான் குமாரு. எனக்குக் கண்ணு தெர்ல. சொல்லாம இருந்துட்டேன்."

குமார் அவரைப் பார்த்தான். அந்த விரலைப் பார்த்தான்.  அவன் கத்தினால் கத்தட்டும் என்றுதான் தேவராஜ் அண்ணன் நின்றார்.

"இப்ப தெரியுதா ணா?" என்றான் குமார்.

"ஓரமா தெரியுது."

"ஒயுங்கா மருந்து போடறியா?"

"போடறேன்பா."

"ம்," என்றான்.  அவர் தோளில் ஒரு முறை கையை வைத்து எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, இந்தத் தாள எனுக்குக் குடுப்பியா? வூட்ல காட்டணும். நான் சொன்னா பொஞ்சாதிக்குப் புரியல. சும்மா சொல்றேன்னு நெனச்சிகினு கீது."

செல்லாத தாள் எங்கள் அறையை விட்டு வெளியே போகவே கூடாது. எண்ணி வைத்து, எண்ணி அழிக்க வேண்டும். அது உங்கள் கையேட்டிலும் இருக்கிறது. அதை நீங்கள் மீறக் கூடாது. நான் 'ரத்து' முத்திரையை எடுத்து, தாளின் நடுவில், அவன் நின்ற இடத்தின் மேலேயே அழுத்திக் குத்தினேன். மை காயும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம். பிறகு நனையாதபடி அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் எண்ணிக்கையில் ஒரு தாள் குறைந்தது அந்த ஒரு முறைதான்.